கனகத்தக்கா டின் வாங்கிய காரணம்

ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்பெனி ஆண்டுக்கொரு முறை விருந்து போடும். இந்த முறை என் பக்கத்தில் உட்கார்ந்தவள், நான் பார்த்த அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண். இப்போது யாரும் வீடு வீடாகப் போவதில்லையாம், எல்லாம் போனிலேயே கேட்டு முடித்துவிடுகிறார்களாம். “உங்க காலத்துல மார்க்கெட்ல காய்கறி கொட்டிக் கிடந்திருக்குமே ஆன்ட்டி, ஜனங்க எதுக்கு டின்ல அடைச்சதை வாங்குனாங்க?” என்று கேட்டாள். என் வாயில் பூரி இருந்தது. “நேரம் மிச்சம்னு எழுதிக்கோ” என்று சொல்லி வைத்தேன். அவளும் குறித்துக்கொண்டாள். வாஷியில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்தப் பதிலை யாராவது என்னிடம் சொன்னால் நான் அந்த வீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். இத்தனை வருஷம் அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடித்தான் செருப்புத் தேய்த்தேன். அதனால் இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. வேறு யாராவது படிக்கட்டும்.

என் பெயர் எஸ்தர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் கற்று, டின் உணவு விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். தமிழும் இந்தியும் பேசுகிறேன், மாடிப்படி ஏற அலுப்பதில்லை என்று தெரிந்ததும் வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. ஷிரீன்பாயி பின்னால் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடையோடு நடந்தேன், அவ்வளவுதான்.

ஷிரீன்பாயி எங்கள் பிரிவின் தலைவி, பார்சி. நாம் அம்மா என்பதுபோல அவர்கள் பெயரோடு ‘பாயி’ சேர்ப்பார்கள். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, எப்போதும் வெளிர் நிறப் புடவை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, பாதி வாக்கியத்தை மூக்கால் பேசுவார். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எந்த வீட்டில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் டம்ளர் காலியாகும்வரை குடிப்பார். மழைத் தண்ணீர் ஒழுகும் குடிசையிலும் அப்படித்தான்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஏன் என்று கேட்காதே. “ஏன் என்று கேட்டால் எல்லோரும் வக்கீலாகிவிடுவார்கள்” என்பார். முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். அவள் எடுக்கப் போகும்போது அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நேற்று ராத்திரி என்ன சமையல், யார் முதலில் சாப்பிட்டது, மிச்சம் என்ன ஆனது என்று ஊர்க்கதை மாதிரி பேச வேண்டும். காலி டின் அந்த வீட்டில் இப்போது என்ன வேலை பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். படி இறங்கித் தெருவுக்கு வரும்வரை பேனாவைத் திறக்கக் கூடாது.

அந்த முறையில் போனால் வீடுகள் தாமாகவே பேசின. மாட்டுங்காவில் ஒரு ஆபீசர் வீட்டு மாமி, பட்டாணி டின்னைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். யார் கை பட்டதோ, எந்த ஊர் தண்ணீரோ என்று மாமியார் வீட்டுக்குள் விடவில்லையாம். மாமியார் கோயிலுக்குப் போகும் நேரத்தில் திறந்து, குருமா செய்து, டின்னைப் பக்கத்துத் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். பட்டாணி மேல் அவளுக்கு ஒன்றும் பெரிய ஆசையில்லை, அந்த வீட்டில் அவளாக முடிவு செய்யக்கூடியது அது ஒன்றுதான். தாராவியில் குழாயடிச் சண்டைக்குப் பயந்து வாங்கினார்கள். கீரை வாங்கினால் அலச ஒரு குடம் வேண்டும், டின்னுக்கு வேண்டாம். வடாலாவில் ஒரு பெரியவர், மனைவி செத்த பிறகு காய்கறிக்காரியிடம் பேரம் பேசத் தெரியாமல் வாங்கினார். பேரம் பேசக் கூச்சம் என்று ஒரு மனிதர் டின்னைத் திங்கிறார். போனில் கேட்டால் சொல்வாரா?

இனி கனகத்தக்கா. செம்பூரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய மளிகைக் கடை இருந்தது. அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய கம்பெனிக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் வாங்குவதற்காக டின் வைத்திருந்தார். ஆனால் அவர் கடையில் விடாமல் டின் வாங்குவது ஒரு சாலில் குடியிருக்கும் ஃபிட்டரின் மனைவி என்று எங்கள் விற்பனை ஆள் வந்து சொன்னதும் ஷிரீன்பாயிக்குத் தூக்கம் போய்விட்டது. சால் என்றால் ஒரு நீள வராந்தா, அதில் வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அங்கே டின் நுழைந்துவிட்டால் பம்பாயே எங்கள் கையில் என்பது அவர் கணக்கு. என்னை அனுப்பினார்.

“கனகமா? நல்ல பிள்ள” என்றார் அண்ணாச்சி. “நறுக்குன காய் டின்னாப் பாத்து வாங்குவா. ஆனா ஒண்ணு, இங்கனயே தொறந்து பாத்திரத்துல ஊத்தி வாங்கிட்டுப் போவா. வீட்ல கட்டர் இல்லைம்பா. ஒரு கட்டர் வாங்கிக்கிடும்மான்னா சிரிச்சுட்டுப் போயிருவா.”

அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். பளிச்சென்று துடைத்த அறை. இரண்டு பெண் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். புருஷன் சுடலைமுத்து வேலைக்குப் போயிருந்தார். என் பேச்சைக் கேட்டதும், “நீ நம்ம பக்கமா? இரு தங்கச்சி, தண்ணி என்ன தண்ணி, டீ போடுதேன்” என்று ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். கொதிக்கக் கொதிக்க டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அப்படியே உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஊரைப் பற்றிப் பேசியபடி நின்றாள். நான் வாங்கினேன். சுரீரென்று சுட்டு, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். அவள் விரல்களைப் பார்த்தேன். பழைய தீப்புண் தழும்புகள், நகத்தோரம் ஆறாத ஒரு வெட்டு.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“பாத்துட்ட, என்ன?” என்றாள். “யார்ட்டயும் சொல்லிராத தாயி. சூடு தெரியல. கத்தி பட்டாலும் தெரியல. ஒரு நா வெண்டக்கா நறுக்கிட்டு இருக்கேன், சின்னவ வந்து, என்னம்மா வெண்டக்கா செவப்பா இருக்குங்கா. அப்பந்தான் குனிஞ்சு பாக்கேன்.”

வடாலா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றாள். புருஷன் பகல் ஷிப்டு போகிற நாளில் ரயிலேறிப் போய் வாங்கி வந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். வியாதியின் பெயரை அவள் வாயால் சொல்லவே இல்லை. ஊரில் பெருவியாதி என்பார்கள், தொழுநோய். சமைப்பதால் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் காய் நறுக்கினால் விரல் போகிறது, போனால் பார்க்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். அதனால் நறுக்கிய காய் டின். டின்னின் மூடி விளிம்பு கத்தியைவிடக் கூர்மை, அதனால் அதை அண்ணாச்சி கடையிலேயே திறந்து வாங்கினாள்.

“அவுகளுக்குத் தெரியுமாக்கா?”

“தெரிஞ்சா பிள்ளைகளத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவாவ. அவுகம்மா ஒரு நிமிசம் வைக்க மாட்டாவ. எம் பொண்டாட்டி பம்பாய்க்காரியாயிட்டா, டின்னுலதான் குழம்பு வைப்பான்னு கூட வேல பாக்கவங்கள்ட்ட பெருமையடிக்காவ. ஓவர்டைம் பாத்துக் காசு தாராவ. மாத்திர முடியுற வரைக்கும் இப்படியே ஓட்டிட்டா போதும்.”

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். படி இறங்கி வந்து பேனாவைத் திறந்தேன். கணவனுக்கு ஷிப்டு வேலை, அவசரச் சமையல், வீட்டில் டின் கட்டர் இல்லை என்று எழுதினேன். மூன்றும் உண்மைதான்.

ஷிரீன்பாயி இரண்டு தடவை படித்தார். “கட்டர் இல்லை” என்று மேசையைத் தட்டினார். “கட்டர் இல்லாதபோதே இவ்வளவு வாங்குகிறாள்! நாம் விலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம், தடை இந்தச் சின்ன இரும்புத் துண்டு.” டின்னோடு கட்டர் இலவசமாகக் கொடுக்கலாம் என்று அன்றே மேலே பேசி முடித்துவிட்டார். அதற்கு முதல் செயல்முறை விளக்கம் அந்தச் சாலில், கனகத்தின் அறையில், அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்னால். அடுப்பே பற்றவைக்காமல் விருந்து வைத்துக் காட்ட வேண்டும்.

“அந்த வீடு வேண்டாம் பாயி” என்றேன்.

“ஏன்?” என்றார். எங்களுக்கெல்லாம் தடை போட்ட அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறை கேட்டேன். இடம் சின்னது என்று ஏதோ உளறினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள். “வேண்டாம்னா ஏம்பாவ. உடம்புக்கு என்னம்பாவ. அவுகளுக்கு வேற அண்ணாச்சி சொல்லி ஒரே சந்தோசம், கம்பெனிக்காரங்க நம்ம வீட்டுக்கு வாராகன்னு. நீ தொற, நான் எடுத்து வைக்கேன். அவ்வளவுதான?” என்றாள். அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது.

அன்றைக்கு அறைக்குள் இடம் போதாமல் வராந்தாவிலும் பெண்கள் நின்றார்கள். பாதிப் பேர் மராட்டிக்காரிகள், பாதிப் பேர் நம்மவர்கள். சுடலைமுத்து சலவைச் சட்டை போட்டுக் கதவோரம் நின்றார். ஷிரீன்பாயி பேசினார், நான் தமிழில் சொன்னேன். முதல் டின்னை நான் திறந்தேன். அக்கா கிண்ணத்தில் கொட்டினாள். இரண்டாவது டின்னையும் எடுத்தேன். ஷிரீன்பாயி என் கையிலிருந்து கட்டரை வாங்கி அக்காவிடம் நீட்டினார். “இந்த வீட்டு ராணி திறக்கட்டும்.”

“நானே திறக்கிறேன் பாயி.”

“நீ திறந்தால் கம்பெனிக்காரி திறந்தாள் என்பார்கள்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சுடலைமுத்துவும் தட்டினார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டரை வாங்கினாள். நிதானமாக, என்னைவிட நன்றாகவே சுற்றினாள். முக்கால்வாசி வந்ததும் மூடியை விரலால் நிமிர்த்தித் தள்ளினாள். காயைக் கொட்டினாள். சிரித்த முகத்தோடு தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். ஒரு கண்டம் தாண்டிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த மராட்டிக்காரி, “அகோ பாயீ, ரக்த!” என்று கத்தினாள், அம்மாடி இரத்தம் என்று.

அக்கா தன் கையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள். “யாருக்கு? யாருக்கும்மா பட்டுச்சு?” என்று பதறினாள். அவள் மணிக்கட்டு வழியாக இரத்தம் வழிந்து தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வியை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலாவது அறை செல்லத்தாயி, எங்கள் பக்கத்துக்காரி, கையிலிருந்த தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். “வலிக்கலையாட்டி?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பெண்கள் முதலில் தட்டைக் கீழே வைத்தார்கள், காரணம் புரியாமலே மற்றவர்களும் வைத்தார்கள். ஒருத்தி குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்தாள். சுடலைமுத்து நின்ற இடத்தில் இல்லை.

ஷிரீன்பாயி அக்காவை உட்காரவைத்துத் தன் கைக்குட்டையால் காயத்தைக் கட்டினார். பிறகு தன் பங்குத் தட்டை எடுத்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல், எல்லோரும் பார்க்கட்டும் என்று சாப்பிட்டார். அதைப் பார்க்க அங்கே அதிகம் பேர் இல்லை.

டாக்சியில் திரும்பும்போது, “உனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும் பாயி. சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தேன்.”

மாட்டுங்காவில் அவர் இறங்கும்போது, “நீ அவளுக்குச் சொன்னபடி நடந்தாய். ஏன் என்று கேட்டு உன்னை வக்கீலாக்கியது நான்” என்றார். அந்த விஷயத்தை அதன் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. இலவசக் கட்டர் திட்டம் மற்ற இடங்களில் நடந்தது. டின் நன்றாக விற்றது. ஷிரீன்பாயிக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள், என்னையும் நிரந்தரமாக்கினார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. குழாயில் அக்கா குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரன் அறையைக் காலி செய்யச் சொன்னான். அவள் பயந்தபடியே சுடலைமுத்து பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுபோய்த் தன் தாயிடம் விட்டார். அக்கா வடாலா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து சில வாரம் போய்ப் பார்ப்பேன். அங்கே உணர்ச்சியில்லாத கையை வைத்துக்கொண்டு பிழைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கத்திப் பிடிக்குத் துணி சுற்ற வேண்டும், ஸ்டவ்வில் கை வைக்கும் முன் மரக்கரண்டியால் தொட்டுப் பார்க்க வேண்டும், நறுக்கும்போது கண்ணை எடுக்கவே கூடாது. “கையி பாக்க வேலய இனி கண்ணு பாக்கணும்” என்று சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதைப் பற்றியே பேசுவாள். அந்த ஆசையில்தான் அத்தனை மாத்திரையையும் விழுங்கினாள் என்று நினைக்கிறேன்.

நோய் முற்றிலும் அடங்கிவிட்டது. சுடலைமுத்துவை வரவழைத்து, இனி ஒரு பயமும் இல்லை, வீட்டில் எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரே சொன்னார். சுடலைமுத்துவும் நல்ல மனுஷன்தான். கைவிட்டான் என்ற பேர் வேண்டாம் என்று அழைத்துப் போனார். தாராவியில் யாருக்கும் தெரியாத சந்தில் அறை பிடித்தார். பிள்ளைகளும் வந்தார்கள். நான் நிம்மதியாக என் வேலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

அறுபதுகள் முடியும் நேரம். மாட்டுங்காவில் ஒரு கடை முன் நின்று, டின் வாங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பை நிறைய டின்னோடு திரும்பியவர் சுடலைமுத்து.

“என்னண்ணே இவ்வளவு டின்? அக்கா வீட்ல இல்லையா?”

“இருக்கா” என்றார். பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வீட்டுக்கு வாங்களேன், சந்தோசப்படுவா.”

அடுத்த ஞாயிறு போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். துணி சுற்றிய கத்தி. ஒவ்வொரு வெட்டுக்கும் விரலைப் பார்த்து, கத்தியைப் பார்த்து, மறுபடி விரலைப் பார்த்து நறுக்கினாள். ஒரு கைப்பிடி பீன்ஸுக்கே வெகுநேரம் ஆனது. சுடலைமுத்துவும் பிள்ளைகளும் சாப்பிடும் நேரம் வந்தது. மூத்தவள் அவர்களுக்கு மட்டும் பாய் விரித்தாள். ஒரு டின்னைத் திறந்து, ரொட்டியோடு மூன்று தட்டில் வைத்தாள். அதில் கோபமோ வெறுப்போ இல்லை. தினமும் நடக்கிற காரியம் அது என்று தெரிந்தது.

“அவுக என்னய நல்லாத்தான் வச்சிருக்காவ” என்றாள் அக்கா, நான் கேட்காமலே. “ஒரு கொற சொல்லக் கூடாது.” பிறகு தயங்கி, “உனக்குக் கடைல பன்னு வாங்கியாரச் சொல்லட்டா எஸ்தரு?” என்றாள்.

“சோறு போடுக்கா” என்றேன்.

சோறும் பீன்ஸ் பொரியலும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தாள். எனக்கு எதிரே குந்தி, கரண்டியைக் கையில் பிடித்தபடி, நான் பிசைவதையும் வாயில் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் குழம்பு வாசத்துக்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “குனிஞ்சு சாப்பிடு” என்றார் சுடலைமுத்து, மெதுவாகத்தான்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள் அக்கா. “நானே போடுதேன், நானே திங்கேன். எப்படி இருக்குன்னு சொல்ல ஆளில்ல.”

உப்பு கூடுதலாகத்தான் இருந்தது. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“கொஞ்சம் கூடக்கா” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா? கூடவா?” என்று புருஷனையும் பிள்ளைகளையும் திரும்பிப் பார்த்தாள். “சரி, நாளைக்குக் கொறச்சுப் போடுதேன்” என்றாள்.